ராத்திரி சாப்பாட்டுக்கு பிரீசர் பாக்கெட்: எதை வாங்கலாம்? எதை விடலாம்?

பரோட்டா முதல் ஐஸ் மீன் வரை வேலைக்கு போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஆரல்வாய்மொழி:-

ஆரல்வாய்மொழியில் மாலை 6 மணிக்கு மேல் பஸ் வந்து நின்றால் களைத்துப்போன முகங்கள்தான் இறங்கும். நாகர்கோவில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றவர்கள், செங்கல் சூளையில் கல் சுமந்தவர்கள், நூற்பாலையில் ஷிப்டு முடித்தவர்கள், தோவாளையில் பூ கட்டியவர்கள் என்று பல தரப்பட்டவர்கள்.

இவர்களில் பெண்களுக்கு வீட்டு படி ஏறும் முன்பே ஒரு கேள்வி காத்திருக்கும். 'ராத்திரிக்கு என்ன?' என்பதுதான் அது.

முன்பெல்லாம் மத்தியானம் வடித்த சோறும், மீன் குழம்பும் ராத்திரிக்கும் கைகொடுக்கும். வீட்டில் பாட்டியோ, அத்தையோ இருந்தால் அரைத்து வைத்த மாவு இருக்கும். இன்று கணவன், மனைவி இருவரும் வேலைக்கு போகும் வீடுகளில் அதற்கு நேரம் இல்லை. ஓட்டல் பார்சல் தினமும் கட்டுப்படியாகாது.

அந்த இடத்தில்தான் கடையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கிடக்கும் பாக்கெட்டுகள் உள்ளே வந்தன. பாதி வெந்த பரோட்டா, பச்சை பட்டாணி, துருவிய தேங்காய், சிக்கன் நக்கெட்ஸ், சமோசா, உருளைக்கிழங்கு விரல் சிப்ஸ், தோல் சீவி வெட்டிய மரச்சீனி கிழங்கு என்று எல்லாமே இப்போது பிரீசரில் கிடைக்கிறது.

இதை வாங்கினால் நல்லதா, கெட்டதா? இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்பதுதான். எந்த பாக்கெட் என்பதை பொறுத்தது அது. அதன் விவரம் வருமாறு:-

பிரீசர் வேற, பிரிட்ஜ் வேற

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக்கொள்ள வேண்டும். கடையில் குளிரில் வைத்து விற்கும் எல்லாமே ஒரே ரகம் இல்லை.

இட்லி, தோசை மாவு பாக்கெட், பால், தயிர், பன்னீர் போன்றவை பிரிட்ஜ் குளிரில், அதாவது சுமார் 5 டிகிரிக்குள் வைப்பவை. இவற்றின் ஆயுள் சில நாட்கள்தான். மாவு பாக்கெட் உப்பி பலூன் மாதிரி இருந்தால் உள்ளே புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டாணி, மீன், நக்கெட்ஸ் போன்ற உறைய வைத்த பொருட்கள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியவை. தொழிற்சாலையில் இருந்து லாரி, குடோன், கடை வரை அந்த குளிர் அறுந்துபோகாமல் வர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தாலும் பாக்கெட் பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே இருக்கும் சாப்பாடு மட்டும் மாறியிருக்கும்.

பரோட்டா இரண்டு விதமாகவும் வருகிறது. பிரிட்ஜில் வைக்கும் பரோட்டாவும் உண்டு, பிரீசரில் வைக்கும் பரோட்டாவும் உண்டு. பாக்கெட்டில் எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதை பார்த்துத்தான் வீட்டில் மேல் தட்டா, கீழ் தட்டா என்று முடிவு செய்ய வேண்டும்.

உறைய வைத்தால் சத்து போய்விடுமா?

'ஐஸ்ல வச்சதுல என்ன சத்து இருக்கு?' என்பது பலரும் கேட்பது.

இந்த தொழிலின் கதை சுவாரசியமானது. அமெரிக்காவை சேர்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் 100 வருடங்களுக்கு முன்பு கனடாவின் லாப்ரடார் பகுதிக்கு போயிருந்தார். அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடும் குளிர் காற்றில் கண் மூடி திறப்பதற்குள் உறைந்தது. மாதங்கள் கழித்து சமைத்தாலும் ருசி கெடவில்லை.

காரணம் இதுதான். மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய ஐஸ் துகள்கள் உருவாகி மீனின் சதையை கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் துகள்கள் பொடியாக இருக்கும், சதை கெடாது. அந்த சூத்திரத்தை வைத்து அவர் 1920-களில் தொழில் தொடங்கினார். 1930-ம் ஆண்டு அமெரிக்க கடைகளில் அவருடைய பாக்கெட்டுகள் விற்பனைக்கு வந்தன.

பட்டாணி, பீன்ஸ், சோளம் போன்றவற்றை பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைக்கிறார்கள். வெந்நீரில் கொஞ்சம் வைட்டமின் சி போகும். அதன்பிறகு உள்ள சத்து பெரும்பாலும் அப்படியே நிற்கும். லாரியிலும், சந்தையிலும் நாலைந்து நாள் வாடிய காய்கறியிலும் சத்து குறையத்தான் செய்கிறது. அதனால் உப்பு, எண்ணெய் சேர்க்காத உறைந்த காய்கறியை தாராளமாக வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. உறைய வைப்பது கிருமியை கொல்லாது. தூங்க வைக்கும், அவ்வளவுதான். சூடு ஏறினால் அது மறுபடி எழுந்து வேலையை தொடங்கிவிடும்.

இரண்டு கூடையாக பிரியுங்கள்

பிரீசர் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது மனதில் இரண்டு கூடை வைத்துக்கொண்டால் போதும்.

முதல் கூடை, வேறு எதுவும் சேராத பொருட்கள். பட்டாணி, சோளம், கலந்த காய்கறி, துருவிய தேங்காய், மரச்சீனி கிழங்கு, சக்கை, மசாலா தடவாத மீன், கோழி ஆகியவை. இவற்றில் உப்பும், எண்ணெயும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியது இல்லை.

இரண்டாவது கூடை, கம்பெனியே சமைத்து பாதி வேலையை முடித்து தருபவை. பரோட்டா, நக்கெட்ஸ், சமோசா, கட்லெட், விரல் சிப்ஸ், மோமோ போன்றவை. இவற்றில் உப்பும், எண்ணெயும் கம்பெனி கையில் இருக்கிறது. இங்கேதான் பாக்கெட்டை திருப்பி பார்க்க வேண்டும்.

பரோட்டாவுக்கு வந்த வரி சண்டை

இரண்டாவது கூடையில் நம்ம ஊர் ஆட்களுக்கு பிடித்தது பரோட்டாதான். அதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது.

வயநாட்டை சேர்ந்த முஸ்தபாவும், அவருடைய உறவுக்கார சகோதரர்களும் 2005-ம் ஆண்டு பெங்களூருவில் மாவு பாக்கெட் விற்க ஆரம்பித்த நிறுவனம் ஐடி பிரஷ் புட். பின்னர் பரோட்டாவும் விற்றது. 2020-ம் ஆண்டு, ரொட்டிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் பரோட்டாவுக்கும் அதே வரிதானே என்று இந்த நிறுவனம் கேட்டது. 'ரொட்டி வேறு, பரோட்டா வேறு, 18 சதவீதம் கட்டுங்கள்' என்று கர்நாடகாவில் உள்ள வரி தீர்ப்பு ஆணையம் சொல்லிவிட்டது. பரோட்டா பிரியர்கள் கொதித்துப்போனார்கள்.

வேறொரு நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2024-ம் ஆண்டு கேரள ஐகோர்ட்டு, பரோட்டாவுக்கு 5 சதவீதம்தான் என்று தீர்ப்பு சொன்னது. கடைசியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவுப்படி 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் சப்பாத்தி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரி முழுவதும் நீக்கப்பட்டது.

வரி போனதால் பரோட்டா ஆரோக்கிய உணவு ஆகிவிடாது. அதில் இருப்பது மைதாவும், எண்ணெயும்தான். வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். தினமும் ராத்திரி அதுவே என்றால் உடம்பு தாங்காது.

பாக்கெட்டின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

முன்பக்கத்தில் பச்சை இலை, சிரிக்கும் குழந்தை, 'ஹோம் மேடு', 'மல்டி கிரெயின்' என்று என்னவெல்லாமோ இருக்கும். அது விளம்பரம். பின்பக்கத்தில் இருப்பதுதான் விவரம்.

பெரும்பாலான பாக்கெட்டில் தமிழ் இருக்காது. ஆங்கிலத்திலோ, இந்தியிலோ போட்டால் போதும் என்பதுதான் சட்டம். அதனால் சில வார்த்தைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் நல்லது. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாசித்து சொல்ல சொல்லலாம்.

* இன்கிரிடியன்ட்ஸ்:- உள்ளே சேர்த்திருக்கும் பொருட்களின் பட்டியல். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். 'கோதுமை பரோட்டா' என்று முன்னால் போட்டுவிட்டு பட்டியலில் முதலில் 'ரீபைண்டு வீட் ப்ளோர்' என்று இருந்தால் அது மைதா. 'ஹோல் வீட் ப்ளோர்' அல்லது 'ஆட்டா' முதலில் இருந்தால்தான் முழு கோதுமை.

* பாமாயில், பாமோலின், ஹைட்ரஜனேட்டடு பேட்:- முதல் இரண்டும் பனை எண்ணெய் வகை. மூன்றாவது வனஸ்பதி வகை. இவை பட்டியலில் 2-வது இடத்திலேயே வந்தால் அந்த பாக்கெட் எண்ணெய் பாக்கெட் என்று புரிந்துகொள்ளலாம்.

* டிரான்ஸ் பேட்:- இதயத்துக்கு மிகவும் கெட்ட கொழுப்பு. எண்ணெய், கொழுப்பில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் நாடு முழுவதும் விதி உள்ளது. பாக்கெட்டில் '0' என்று இருப்பதை எடுங்கள்.

* சாச்சுரேட்டடு பேட்:- இதுவும் அளவோடு இருக்க வேண்டிய கொழுப்பு. ஒரு நாளைக்கு 22 கிராமை கணக்காக வைத்துத்தான் பாக்கெட்டில் சதவீதம் போடுகிறார்கள்.

* ஆடட் சுகர்:- தனியாக சேர்த்த சர்க்கரை.

* ஐ.என்.எஸ். 621:- அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் சுவை உப்பு. இதிலும் சோடியம் இருக்கிறது.

* யூஸ் பை அல்லது எக்ஸ்பைரி:- இந்த தேதிக்கு பிறகு சாப்பிடக்கூடாது. சலுகை விலைக்கு கிடைத்தாலும் வேண்டாம்.

இதோடு 14 இலக்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பச்சை சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். சதுரத்துக்குள் பழுப்பு நிற முக்கோணம் இருந்தால் அசைவம்.

உப்பு கணக்கு

எல்லாவற்றையும் விட முக்கியமானது 'சோடியம்' என்ற வரி. இதுதான் உப்பு. ஒரு நாளைக்கு ஒரு ஆள் 5 கிராம் உப்புக்கு மேல் சாப்பிடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும், நம்ம நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சொல்கின்றன. அது சுமார் ஒரு டீஸ்பூன். சோடியம் கணக்கில் 2,000 மில்லி கிராம்.

சோடியத்தை 400-ஆல் வகுத்தால் எத்தனை கிராம் உப்பு என்று வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு பரோட்டா பாக்கெட்டில் 100 கிராமுக்கு 450 மில்லி கிராம் சோடியம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பரோட்டா ஒன்று 80 கிராம். இரண்டு சாப்பிட்டால் 160 கிராம். சோடியம் 720 மில்லி கிராம். 400-ஆல் வகுத்தால் 1.8 கிராம் உப்பு. அதாவது ஒரு நாள் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் பரோட்டாவிலேயே முடிந்துபோகிறது. அதற்கு மேல் சால்னா, ஊறுகாய், காலையும் மத்தியானமும் சாப்பிட்ட குழம்பு, அவியல், பப்படம் எல்லாம் தனி.

இங்கே ஒரு தந்திரமும் உண்டு. பாக்கெட்டில் 'பெர் சர்வ்' என்று ஒரு ஆளுக்கான அளவும் போடுவார்கள். அந்த அளவு 2 நக்கெட்ஸ்தானா, 5 நக்கெட்சா என்று பார்க்க வேண்டும். யார் வீட்டு பிள்ளை 2 நக்கெட்சோடு எழுந்திருக்கிறது?

இது வெறும் கணக்கு இல்லை. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ம் ஆண்டு தெரிவித்தது. பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகவும் அதே ஆய்வு கூறியது. நூறு பேரில் 35 பேர் என்றால் எல்லா தெருவிலும் உண்டு என்று அர்த்தம். அதில் பலருக்கு தங்களுக்கு பிரஷர் இருப்பதே தெரியாது.

கடையில் 5 சோதனை

1. பட்டாணி பாக்கெட்டை கையில் எடுத்து குலுக்குங்கள். கலகலவென்று உதிரியாக இருந்தால் நல்லது. ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வைத்துவிடுங்கள்.

2. பாக்கெட்டுக்குள் ஐஸ் பூத்து பனி படர்ந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

3. பாக்கெட்டை அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் வேண்டாம்.

4. பிரீசர் பெட்டியில் விளிம்புக்கு மேல் குவித்து வைத்திருந்தால் மேலே இருப்பதை எடுக்காதீர்கள். அடியில் இருந்து எடுங்கள்.

5. ராத்திரி பிரீசரை அணைத்துவிட்டு காலையில் போடும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். கடை திறந்த உடனே போனால் தரையில் தண்ணீர் நிற்பது காட்டிக்கொடுத்துவிடும்.

விலையை பார்க்கும்போது பாக்கெட் விலையை மட்டும் பார்க்கக்கூடாது. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ எவ்வளவு விழுகிறது என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதை பார்த்தால் சின்ன பாக்கெட் எவ்வளவு கொள்ளை என்பது புரியும்.

பஸ்சில் கொண்டு வரும்போது

வடசேரியில் பாக்கெட் வாங்கிவிட்டு அதன்பிறகு துணிக்கடை, மருந்துக்கடை என்று சுற்றி, பஸ்சுக்கு காத்திருந்து ஆரல்வாய்மொழி வந்து சேருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். நம்ம ஊர் வெயிலில் அது போதும் பாக்கெட் உருகுவதற்கு.

ஆகவே குளிர் பாக்கெட்டை கடைசியாக வாங்க வேண்டும். எல்லா பாக்கெட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, நாலைந்து மடிப்பு செய்தித்தாளில் சுற்றி, கெட்டியான துணிப்பையில் போட்டால் குளிர் சீக்கிரம் போகாது. முடிந்தால் உள்ளூர் கடையிலேயே வாங்குவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பாக்கெட் முழுவதும் உருகியிருந்தால் மறுபடி பிரீசரில் வைக்கக்கூடாது. கை வைத்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

நம்ம வீட்டு பிரிட்ஜ் தாங்குமா?

இதை பலரும் கவனிப்பது இல்லை. ஒற்றை கதவு பிரிட்ஜில் மேலே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி எல்லாமே மைனஸ் 18 டிகிரிக்கு போகாது.

ஐஸ் பெட்டியின் மூடியில் பூ மாதிரி அல்லது நட்சத்திரம் மாதிரி குறி இருக்கலாம். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி. உறைந்த பொருள் ஒரு வாரம் தாங்கும். இரண்டு என்றால் மைனஸ் 12. ஒரு மாதம் தாங்கும். மூன்று என்றால் மைனஸ் 18. அப்போதுதான் மாதக்கணக்கில் வைக்கலாம்.

பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் '3 ஸ்டார்', '5 ஸ்டார்' என்பது வேறு. அது கரண்ட் மிச்சத்துக்கான ஸ்டார். இரண்டையும் போட்டு குழப்பிக்கொள்ளக்கூடாது.

எந்த குறியும் இல்லாத பழைய பிரிட்ஜ் என்றால் வாரத்துக்கு தேவையானதை மட்டும் வாங்குங்கள். ஆபர் என்று 5 பாக்கெட் வாங்கி அடைத்து வைப்பது பணத்துக்கும் நஷ்டம், உடம்புக்கும் நஷ்டம்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

முப்பந்தல் காற்றாலைகள் நம்ம தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு இருந்தாலும் வீட்டில் கரண்ட் போகத்தான் செய்கிறது.

கரண்ட் போனதும் முதல் வேலை, பிரிட்ஜ் கதவை திறக்காமல் இருப்பது. நிறைந்த பிரீசர் என்றால் திறக்காமல் இருந்தால் 2 நாள் வரையும், பாதி நிறைந்தது என்றால் ஒரு நாள் வரையும் குளிர் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. இது தனி கதவு உள்ள நல்ல பிரீசருக்கு. சின்ன ஐஸ் பெட்டிக்கு அதை விட ரொம்ப குறைவு. கீழே உள்ள பிரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான்.

2017 நவம்பர் 30-ந்தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தை புரட்டிப்போட்டது யாருக்கும் மறக்காது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் பிரீசரில் இருக்கும் மீனையும், கோழியையும் 'காசு போட்டு வாங்கினதாச்சே' என்று காப்பாற்றி வைத்து சாப்பிடுவதுதான் ஆபத்து. வாடை வராவிட்டாலும் கிருமி இருக்கும். ஆஸ்பத்திரி செலவு மீன் விலையை விட அதிகம்.

ஒரு எளிய வழி உண்டு. ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து பிரீசரிலேயே விட்டுவிடுங்கள். வெளியூர் போய் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கரண்ட் அதிக நேரம் போகவில்லை. அடியில் கிடந்தால் எல்லாமே உருகி மறுபடி உறைந்திருக்கிறது. தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

ஐஸ் மீன் வாங்கலாமா?

மீன் இல்லாமல் குமரி மாவட்டத்தில் சாப்பாடு இல்லை. ஆனால் விசைப்படகுகளுக்கு கிழக்கு கடல் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்கு கடல் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். அந்த நேரத்தில் வெளியூர் ஐஸ் மீன்தான் சந்தைக்கு அதிகம் வரும்.

ஐஸ் மீன் என்றாலே கெட்டது இல்லை. பிடித்த உடனே உறைய வைத்த மீன், இரண்டு நாள் வெயிலில் கிடந்த 'பச்சை' மீனை விட நல்லது. கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மேலே வர வேண்டும்.

மீனில் பார்மலின் கலப்பது பற்றிய பயமும் இருக்கிறது. 2018-ம் ஆண்டு கேரள அரசு 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் சோதனைச்சாவடிகளில் நடத்திய சோதனையில் பார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. இதை கண்டுபிடிக்க கொச்சியில் உள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் காகித துண்டு போன்ற சோதனை கருவியை அதே ஆண்டு அறிமுகப்படுத்தியது. சந்தேகம் வந்தால் உணவு பாதுகாப்பு துறைக்கு தெரிவிப்பதுதான் சரி.

உறைந்த மீனையோ, கோழியையோ காலையில் வேலைக்கு போகும்போது அடுப்படி திண்ணையில் எடுத்து வைத்துவிட்டு போகக்கூடாது. சாயங்காலம் வருவதற்குள் வெளிப்பக்கம் கெட்டுவிடும். முந்தின நாள் ராத்திரியே பிரீசரில் இருந்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு பிரிட்ஜின் கீழ் தட்டில் வைத்தால் மறுநாள் சமைக்க சரியாக இருக்கும். அவசரம் என்றால் பாக்கெட்டை பிரிக்காமல் பச்சை தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றலாம்.

சொந்த கை பாக்கெட்தான் பெஸ்ட்

கம்பெனி பாக்கெட்டை விட நல்ல பாக்கெட் ஒன்று உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்டிலேயே செய்து வைப்பது.

தீயலுக்கு வறுத்து அரைத்த தேங்காய் மசாலா, துருவிய தேங்காய், வேக வைத்த சிறுபயறு, கொண்டைக்கடலை, சாம்பார், கோழி குழம்பு, பாதி சுட்ட சப்பாத்தி எல்லாமே பிரீசருக்கு ஏற்றவை. ஒரு நேரத்துக்கு தேவையான அளவில் சின்ன சின்ன டப்பாவில் போட்டு தேதி எழுதி வைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் குளிர் சேர நேரமாகும்.

சமைத்ததை ஆற வைத்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். எடுத்தால் ஒரே முறைதான் சூடு பண்ண வேண்டும். குழம்பு தளதளவென்று கொதிக்க வேண்டும். மிஞ்சியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது.

உருளைக்கிழங்கு கூட்டு, அவித்த முட்டை, தயிர், மோர் குழம்பு, வெள்ளரி ஆகியவை பிரீசருக்கு ஆகாது. எடுத்தால் ஒன்று நீர்த்துப்போகும், இல்லையென்றால் ரப்பர் மாதிரி ஆகும்.

5 நாள், 5 சாப்பாடு

தட்டில் பாதி காய்கறியும், பழமும் இருக்க வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. பிரீசர் பாக்கெட்டை சாப்பாடாக நினைக்காமல் சாப்பாட்டில் ஒரு பங்காக நினைத்தால் இது முடியும். அரை மணி நேரத்துக்குள் முடியும் சில சேர்க்கைகள்:-

* திங்கள்:- தோசை, ஞாயிறு வைத்த சாம்பார், கூடவே கேரட் துவரன்.

* செவ்வாய்:- கஞ்சி, சிறுபயறு துவரன், சுட்ட பப்படம். கஞ்சி வைக்கும் நேரத்தில் பயறு சூடாகிவிடும்.

* புதன்:- உறைந்த மரச்சீனி கிழங்கை அவித்து, மீன் குழம்போடு. ஒரு கீரையும் வைக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிழங்கை குறைத்து மீனையும் கீரையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

* வியாழன்:- சப்பாத்தி, உறைந்த பட்டாணியும் முட்டையும் சேர்த்து பொரியல், தக்காளி, வெள்ளரி.

* வெள்ளி:- பிள்ளைகள் கேட்கும் பரோட்டா. ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு. கல்லில் மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டாம், பரோட்டாவில் இருப்பதே போதும். சால்னாவுக்கு பதில் கொண்டைக்கடலை குழம்பும், வெங்காய வெள்ளரி பச்சடியும்.

நக்கெட்ஸ், சமோசாவை எண்ணெயில் முக்கி எடுக்காமல் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் வேக விடலாம். உள்ளே வரை சூடு ஏறி வெந்திருக்கிறதா என்று ஒன்றை பிட்டு பார்த்துவிட்டு பிள்ளைகளுக்கு கொடுக்க வேண்டும்.

யார் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும்?

ரத்த அழுத்தம், சிறுநீரக கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் இரண்டாவது கூடை பாக்கெட்டை தவிர்ப்பதே நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மைதா பொருட்களை ராத்திரியில் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்களுக்கு பாதி சூடான எதையும் கொடுக்கக்கூடாது.

பிரஷர், சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாதவர்கள் அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. செலவு இல்லை. காலாவதியான பாக்கெட், உருகிய பாக்கெட்டை விற்றால் பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மாவட்ட உணவு பாதுகாப்பு துறையில் புகார் செய்யலாம். பில் கொடுக்காத கடையில் கேட்டு வாங்குங்கள், அது நம் உரிமை.

நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் பெண், ராத்திரியும் அம்மியும் உரலுமாக நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பாக்கெட் வாங்குவதில் தப்பு இல்லை. அதை திருப்பி பார்க்க அரை நிமிடம் ஆகும். வீட்டு ஆண்களும், பிள்ளைகளும் காய் நறுக்க கை கொடுத்தால் பாதி நாள் அந்த பாக்கெட்டே தேவைப்படாது.